குறியில்லாக் கணை

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ் மன்றத்தில் போர்க்கருவிக்கு என்ன வேலை என்று சிலர்க்குத் தோன்றலாம். வேலை இருக்கிறது. ஒரு சொல்லைப் பிழைபட வழங்குவதால் கொலை செய்தவன் பொறுப்பினின்றும் நழுவிப் போகிறான் என்றால், அது படைத்துறையாரின் கவலை மட்டுமன்று. சொல்லாய்வாரின் கவலையும் ஆகும்.

வெளிநாட்டுப் போர்ச் செய்தி வரும் நாளில் தமிழ்ச் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு பத்தியில் 'ராக்கெட் வீச்சு' என்றிருக்கும். அதே செய்தி அடுத்த பத்தியில் 'ஏவுகணைத் தாக்குதல்' ஆகிவிடும். மூன்றாம் பத்தியில் 'குண்டு மழை'. எழுதியவர் மூன்றையும் ஒன்றென்றே கருதிவிட்டார். படிப்பவரும் அவ்வாறே கருதிவிடுகிறார். ஆனால் இம்மூன்றும் ஒன்றல்ல. குறிபார்த்து அடித்தான் என்பதற்கும், குறியே இல்லாமல் ஊரின்மேல் கொட்டினான் என்பதற்கும் உள்ள வேற்றுமை, கொலைக்கும் நேர்ச்சிக்கும் உள்ள வேற்றுமையைப் போன்றது. சிற்சில இடங்களில் அதனினும் பெரியது.

கணை என்பது அம்பு. அதன்முன் வந்து ஒட்டும் வினையடி எதுவோ, அதுவே கருவியின் தன்மையைச் சொல்லிவிடும். குழலினுள் வெடிக்கும் மருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட, அதன்பின் தனக்கென விசையேதுமின்றிக் கவண்கல்லைப்போற் பறந்து விழுவது எறிகணை. தன் வயிற்றிலேயே எரிபொருளைச் சுமந்து, அஃது எரிந்து பின்புறமாகப் பீறிட, அவ்வுந்தலால் முன்செல்வது உந்துகணை. அவ்வுந்தலோடு, பறக்கும்போதே தன் வழி பிசகியதை உணர்ந்து திருத்திக்கொள்ளும் அமைப்பும் உடையது ஏவுகணை. ஏவல் என்பது ஆணை. ஆணைப்படி செல்வது ஏவுகணை. விண்ணுக்குச் செயற்கைக்கோளைக் கொண்டு செல்லும் ஏவூர்தி வேறு. அஃது இவ்வுரைக்குப் புறம்பானது.

'ராக்கெட்' என்பதோ இத்தாலிய மொழியில் நூல் சுற்றும் கதிரைச் சுட்டிய சொல். வடிவ ஒப்புமையால் வெடிக்குழலுக்கு வந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் 'வாணம்' என்னும் பெயர் உண்டு. அதன் வேரைப் பற்றிய வழக்கு இங்கு வேண்டா. 'பீரங்கி' என்னும் பெயரிலோ பரங்கியனே ஒளிந்து நிற்கிறான். உந்துகணை, எறிகணை, ஏவுகணை என்னும் மூன்றும் அவ்வாறு கடன்பட்டவை அல்ல. சொல்லைக் கேட்டவுடனேயே பொருள் விளங்குபவை. ஆகவே இவ்வுரையில் உந்துகணை என்றால், வழிகாட்டும் அமைப்பில்லாத போர் உந்துகணை என்றே கொள்க.

முதலில் அது பறக்கும் முறையைப் பார்ப்போம். பொறுப்பைப் பற்றிய வழக்கு முழுவதும் இந்தப் பறத்தலில்தான் அடங்கியிருக்கிறது.

பீரங்கிக் குழலின் உட்புறத்தில் திருகுப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். எறிகணை அவற்றில் உராய்ந்து, கடுஞ்சுழற்சியோடும் முழு விரைவோடும் வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாததுபோல் அதுவும் தன் போக்கில் நிலைத்துச் செல்லும். உந்துகணையோ குழலைவிட்டு வெளிவரும்போது மெதுவாகத்தான் வரும். வெளிவந்த பிறகே எரிந்தெரிந்து விரைவு கூடும். அந்த ஒன்றிரண்டு நொடிகளில்தான் அதன் தலையெழுத்து எழுதப்படுகிறது. பக்கத்திலிருந்து காற்று வீசினால் வாலிலுள்ள துடுப்புகளை அது தள்ளும். மூக்கு காற்று வரும் திசைநோக்கித் திரும்பும். திரும்பிய மூக்கின் வழியே உந்துவிசை அதனை இழுத்துப் போகும். எரிபொருள் ஒருபுறம் சற்று விரைவாக எரிந்தாலும் விலகல்தான். முன்னே சென்ற கணையின் உதைப்பில் ஊர்தி குலுங்கினாலும் விலகல்தான். இருபது கிலோமீட்டர் தொலைவில் ஒரே ஒரு பாகை பிசகினால், விழும் இடம் ஏறத்தாழ 350 மீட்டர் தள்ளிப் போகும். 350 மீட்டர் என்பது ஒரு பாடிவீட்டிற்கும் ஒரு பள்ளிக்கூடத்திற்கும் இடையிலுள்ள தொலைவாக இருக்கலாம்.

அவ்வாறாயின் இக்கருவியைப் படைகள் ஏன் விரும்பின? பின்னுதைப்பு இல்லை. ஆகவே பருத்த எஃகுக் குழலும் கனத்த வண்டியும் வேண்டியதில்லை. மெல்லிய குழல்களை ஒரு சரக்குந்தின்மேல் அடுக்கினாற் போதும். விலை குறைவு. பீரங்கியொன்று ஒவ்வொன்றாக எறிவதை இது ஒருசேரக் கொட்டிவிடும். குறி தவறும் என்பதை அறிந்தே எண்ணிக்கையால் அதனை ஈடு செய்தார்கள். ஒரு புள்ளியை அடிக்க முடியாதவன் ஒரு பரப்பை அடிக்கிறான். உந்துகணையின் போர்முறை முழுவதும் இந்த ஒரு தொடருக்குள் அடங்கும்.

இதன் பிறப்புக்கதையில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் வந்த ஆங்கிலக் கும்பினிப் படையை ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் முறியடித்தனர். போரின் நடுவே கும்பினியாரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூர்ப் படையின் உந்துகணைகளே அதற்குக் கரணியம் என்று எழுதியோர் பலர். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது.

மைசூர்க்காரர் செய்த புதுமை எளியது. அதுவரை பிறர் தாள் அல்லது மரக் குழாயில் மருந்தைத் திணித்தனர். இவர்கள் இரும்புக் குழாயில் திணித்தனர். இரும்பு உள்ளழுத்தத்தைத் தாங்கியது. அழுத்தம் கூடவே உந்துவிசை கூடியது. நீண்ட மூங்கிற்கழியோடு கட்டி விடுத்தபோது அது இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சென்றது. கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில், பாழ்பட்ட கிணறொன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய இரும்புக் குழாய்கள் 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்டன.

1799 ஏப்பிரல் 5ஆம் நாள் இரவு, சீரங்கப்பட்டணத்தை அடுத்த சுல்தான்பேட்டைத் தோப்பில், ஆர்தர் வெல்லெசுலியின் படை இருளில் உந்துகணை வீச்சுக்கு ஆட்பட்டுக் கலைந்து பின்வாங்கியது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் கோமான் என்று புகழ்பெற்றவர் இவரே. ஆனால் மறுநாளே அத்தோப்பு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. உந்துகணையின் வலிவும் மெலிவும் அந்த ஓரிரவிலும் ஒரு பகலிலும் தெரிந்துவிட்டன: அது கலக்கும், ஆனால் நிலத்தைப் பிடித்துக் காத்துத் தராது.

திப்பு வீழ்ந்தபின் கைப்பற்றிய குழாய்களை ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். வில்லியம் காங்கிரீவ் என்பார் அவற்றை ஆய்ந்து, பெரிதாக்கி, தீமூட்டும் மருந்தையும் சேர்த்தார். 1807ஆம் ஆண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில் கொபனேகன் நகரைக் கொளுத்திய கருவிகளுள் அதுவும் ஒன்று. கவனிக்க: பொள்ளிலூரில் படையின்மேல் பாய்ந்த கருவி, கால் நூற்றாண்டு கடந்து ஒரு நகரத்தின்மேல் பாய்கிறது. கோட்டைக்குக் குறிவைத்தாலும் கூரைமேல் விழும் கருவிக்கு நகரமே பொருத்தமான இலக்கு என்று கண்டுகொண்டார்கள். பின்னர்த் திருகுப் பள்ளமிட்ட பீரங்கிகள் வந்து குறியும் தொலைவும் கூடவே, உந்துகணை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குமேல் மூலையில் கிடந்தது.

அதனை மீண்டும் களத்திற்குக் கொணர்ந்தவர் உருசியர். 1941 சூலை 14ஆம் நாள், செருமானியர் பிடித்திருந்த ஓர்சா தொடர்வண்டி நிலையத்தின்மேல் படைத்தலைவர் இவான் பிளியோரொவின் ஏழு ஊர்திகள் கணைகளைக் கொட்டின. ஊர்தி ஒன்றுக்குப் பதினாறு. சில நொடிகளில் எல்லாம் முடிந்தன. 132 மில்லிமீட்டர் பருமன். எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. உருசிய வீரர் அதற்குக் 'கத்தியூசா' என்று ஒரு பாட்டில் வரும் பெண்ணின் பெயரைச் சூட்டினர். அதன் ஓலத்தைக் கேட்ட செருமானியர், கிறித்துவக் கோயிலின் குழலிசைப் பெட்டியை நினைந்து 'தாலினின் இசைப்பெட்டி' என்றனர். இவ்வோலமே பாதிப் படைக்கலம் என்று அக்களத்திலிருந்து மீண்டோர் சொல்வதுண்டு.

1963இல் அதன் வழித்தோன்றல் வந்தது. 122 மில்லிமீட்டர் பருமனுடைய நாற்பது குழல்கள். ஏறத்தாழ இருபது நொடிகளில் நாற்பதும் போய்விடும். தொலைவு இருபது கிலோமீட்டர். பதினெட்டு ஊர்திகள் கொண்ட ஓர் அணி நின்று அடித்தால் எழுநூற்றிருபது கணைகள், எதிரி குழிக்குள் குனிவதற்கு முன் வந்து விழுந்துவிடும். எதிர்ப்பீரங்கிகளை வாயடைக்கவும், தாக்குதலுக்கு முன் அகழிகளைக் கலக்கவும், திரண்டு வரும் படையைச் சிதைக்கவும் இதனைவிட மலிந்த கருவி இல்லை. ஆனால் புகையும் நெருப்பும் எழுந்து நிற்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் அடித்தவுடன் இடம்பெயர வேண்டும். கணை வந்த வழியைக் கதிரலைக் கருவியால் கண்டு திருப்பியடிப்பது எளிதானபின், இந்த ஓட்டம் இன்னும் கடுகியது.

இனிப் பெயர்களைப் பாருங்கள். அந்த நாற்பது குழல் ஊர்திக்கு உருசியர் இட்ட பெயர் 'கிராது'. ஆலங்கட்டி மழை என்பது பொருள். அடுத்து வந்த பதினாறு குழல் ஊர்தி 'உரகான்', சூறாவளி. அதற்கடுத்த பன்னிரு குழல் ஊர்தி 'சுமெர்ச்சு', சுழல்காற்று. யூகோசுலாவியர் செய்தது 'ஓர்க்கான்', அதுவும் சூறாவளியே. அமெரிக்கரின் பன்னிரு குழல் ஊர்தியிலிருந்து போன ஒவ்வொரு கணையிலும் 644 சிறுகுண்டுகள் இருந்தன. 1991 வளைகுடாப் போரில் அதற்கு 'எஃகு மழை' என்ற பெயர் வழங்கியது. மழையும் காற்றும் குறிபார்ப்பதில்லை. செய்தவனே ஒளிக்காமல் சொல்லிவிட்டான்! இந்திய அரசு மட்டும் தன் பன்னிரு குழல் ஊர்திக்குச் சிவனின் வில்லாகிய 'பினாகா'வின் பெயரை, வழக்கம்போல் வடமொழியில் வைத்தது. வில் குறிபார்க்கும், 1999 கார்கில் மலைகளில் முதன்முதற் களங்கண்ட பினாகாக் கணைக்கோ அன்று வழிகாட்டி இல்லை. பிற்காலத்தில்தான் வழிகாட்டியுள்ள வகை ஆய்ந்து செய்யப்பட்டது. வைத்த பெயருக்குக் கருவி பின்னால் வந்து சேர்ந்தது எனலாம்.

எளியோர் கையிலும் இக்கருவி உண்டு. சீனர் செய்த 107 மில்லிமீட்டர் கணையை ஒரு மண்மேட்டில் சாய்த்து வைத்தும் விடலாம். வியத்துநாமிலும் ஆப்கானித்தானத்திலும் அவ்வாறே விட்டார்கள். 2006ஆம் ஆண்டு இலெபனான் போரில், முப்பத்து நான்கு நாள்களில் இசுபுல்லா இயக்கத்தார் வட இசுரேலுக்குள் ஏறத்தாழ நாலாயிரம் உந்துகணைகளை விடுத்தனர். அவற்றுட் பல ஊர்களில் விழுந்தன. அதே போரின் இறுதி நாள்களில் இசுரேல் தென் இலெபனானின்மேல் கொத்துக்குண்டு உந்துகணைகளைக் கொட்டியது. வெடிக்காமற் கிடந்த சிறுகுண்டுகள் போர் முடிந்தபின்னும் ஒலிவத் தோப்புகளில் உழவரைக் கொன்றன. யார் விடுத்தாலும் கருவியின் தன்மை மாறுவதில்லை. நமக்கு வேண்டியவர் விடுத்தது என்பதற்காகக் காற்று அதற்கு வழிவிட்டு ஒதுங்குவதும் இல்லை. கொத்துக்குண்டுகளை விலக்கும் உடன்படிக்கை 2008இல் எழுந்து 2010 ஆகத்து முதல் நடப்புக்கு வந்தது. இந்தியா இன்றளவும் அதில் சேரவில்லை.

இப்போது பொறுப்பின் வழக்கிற்கு வருவோம். 1995 மே 2, 3 ஆகிய நாள்களில் குரோவேசியத் தலைநகர் சாகிரெபின்மேல் ஓர்க்கான் கணைகள் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் புண்பட்டனர். விடுக்கச் சொன்னவர் கிரையினாச் செர்பியரின் தலைவர் மிலான் மார்த்திச்சு. அவர் சார்பில் சொல்லப்பட்டது யாதெனின், சாகிரெபில் படைத்துறை அலுவலகங்கள் இருந்தன, அவையே இலக்கு என்பது. அலுவலகங்கள் இருந்தது மெய்தான். ஆனால் யூகோசுலாவியப் போர்க்குற்றங்களுக்கான ஐ.நா. அறமன்றம் 2007 சூன் 12ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் கேட்ட வினா வேறு. கருவியின் இயல்பையும் அன்று விடுத்த தொலைவையும் நோக்கினால், இக்கணை குறித்த ஓர் இலக்கை அடிக்க வல்லதா? வல்லதன்று என்று மன்றம் கண்டது. மக்கள் நெருங்கி வாழும் ஊரின்மேல் அதனை விடுத்ததே பொதுமக்களைத் தாக்கியதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. பிற குற்றங்களோடு சேர்த்து முப்பத்தைந்து ஆண்டுச் சிறை. 2008இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

அதாவது 'நான் குறிவைத்தது அலுவலகத்தை' என்னும் வாய்ச்சொல்லைக் கருவியே பொய்யாக்கியது. குறிவைக்க இயலாத கருவியைக் கையிலெடுத்தவன் குறியைப் பற்றிப் பேச இயலாது.

அறமன்றங்கள் எப்போதும் இவ்வாறே சொல்லிவிட்டன என்று எண்ணிவிட வேண்டா. அதே 1995 ஆகத்தில் குரோவேசியப் படை கினின் நகரைத் தாக்கிய வழக்கில், இலக்கிலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் விழுந்தவற்றைக் குறியற்ற வீச்சாகக் கொண்டு கீழ்மன்றம் தண்டித்தது. மேல்மன்றமோ 2012இல் அவ்வளவுகோலையே தள்ளிப் படைத்தலைவர்களை விடுவித்தது. எத்தனை மீட்டர் பிசகினால் குற்றம் என்பது இன்னும் முடியாத வழக்கே. 2015 சனவரி 24ஆம் நாள் உக்கிரைனின் மரியுப்போல் நகரக் குடியிருப்பில் ஆலங்கட்டிக் கணைகள் விழுந்து ஏறத்தாழ முப்பதின்மர் மாண்டபோதும் இதே வினாதான் எழுந்தது.

அறிவியல் இதற்கு விடை கண்டிருக்கிறது. சட்டம்தான் பின்தங்கி நிற்கிறது. செயற்கைக்கோள் குறிப்பால் வழி திருத்திக்கொள்ளும் உந்துகணைகளை அமெரிக்கர் செய்தனர். 2022இல் அவை உக்கிரைனுக்குச் சென்றபோது, ஒரு பாலத்தையோ ஒரு கிடங்கையோ ஒற்றைக் கணையால் அடிக்க முடிந்தது. வழிகாட்டி பொருந்திய அந்த நொடியிலேயே அது ஏவுகணையாகிவிடுகிறது. தமிழில் அதன் பெயரும் மாறியே ஆகவேண்டும். ஆனால் அது விலை மிக்கது. ஆதலால் அதே போரில் இருபுறத்தாரும் பழைய ஆலங்கட்டி ஊர்திகளையும் விடாமல் இயக்கினர். மலிவானது போர்க்களத்தை விட்டு எளிதில் போவதில்லை.

பழந்தமிழர் போரில் ஒரு நெறி பாடப்பட்டிருக்கிறது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் நெட்டிமையார், அம்பு விடுமுன் ஆக்களும் பார்ப்பாரும் பெண்டிரும் நோயாளரும் மகப்பேறு இல்லாதாரும் தத்தம் காப்பிடத்தைச் சேருமாறு அறிவிக்கும் நெறியைச் சொல்கிறார். பட்டியலில் யார் யார் என்பதில் இன்று நமக்கு வேறு கருத்து இருக்கலாம். அறிவிப்பு என்பதன் பொருளைத்தான் கருதவேண்டும்: அறிவித்தவன் அந்தக் காப்பிடத்தின்மேல் அம்பு விடமாட்டான்.

2009 சனவரியில் இலங்கை அரசும் ஓர் அறிவிப்புச் செய்தது. வன்னியில் ஒரு பகுதியைத் தாக்குதலற்ற வளையம் என்று கூறி மக்களை அங்கே போகச் சொன்னது. ஆனையிறவு வீழ்ந்த 2000ஆம் ஆண்டிலேயே அவ்வரசு செக்கு நாட்டிலிருந்து நாற்பது குழல் உந்துகணை ஊர்திகளை வாங்கியிருந்தது. ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய மூவர் குழு 2011 மார்ச்சில் அளித்த அறிக்கையில், அவ்வளையத்தின்மேல் அரசுப் படை பெருமளவில் கணை வீசியதென்னும் குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று கூறியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், மக்களிடையே நின்று பீரங்கி இயக்கியதையும் அதே அறிக்கை குற்றமாகச் சாட்டியது, அதனையும் மறைக்கலாகாது. புதுக்குடியிருப்பு மருத்துவமனையைப் பற்றி அது சொல்வது இது: சனவரி 29 முதல் பிப்பிரவரி 4 வரை, நாள்தோறும், பல்குழல் உந்துகணைகளும் பிற பீரங்கிக் கணைகளும் அதன்மேல் விழுந்தன, நேரடியாகப் பட்டவை மட்டும் ஒன்பதுக்குக் குறையாது. மருத்துவமனை எங்கிருக்கிறது என்பது படைக்குத் தெரிந்ததே. தெரிந்த இடத்தருகே, பரப்பை அடிக்கும் கருவியை ஒருநாள் விட்டால் பிழை எனலாம். ஏழு நாளும் விட்டால்?

சாகிரெபில் ஏழு பேருக்குக் கேட்கப்பட்ட வினா, வன்னியில் மாண்டவர்களுக்காக எந்த அறமன்றத்திலும் இன்னும் கேட்கப்படவில்லை. கேட்கப்படும் நாளில் விடுத்தது உந்துகணையா, எறிகணையா, ஏவுகணையா என்பதிலிருந்தே அவ்வினா தொடங்கும். சான்று சொல்ல வருவோர் தமிழில்தான் சொல்வர். அவர்கள் சொல்லையும், அந்நாளைய தமிழ்ச் செய்தித்தாள்களையும் எடுத்து மொழிபெயர்ப்பவர், எல்லாவற்றையும் 'ஏவுகணை' என்று கண்டால் என்ன எழுதுவார்?

இதில் ஈழத்தவர் நமக்கு முந்திக்கொண்டனர். எறிகணை, உந்துகணை, பல்குழல் ஆகிய சொற்கள் ஈழத்து ஏடுகளில் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி வழங்கியவை. அவை சொல்லாக்கக் குழுவில் அமர்ந்து ஆக்கியவை அல்ல; எந்த ஓசைக்குப் பதுங்குகுழிக்குள் எவ்வளவு விரைவாக ஓடவேண்டும் என்று பிரித்தறிந்தவர் நடுவே வழங்கியவை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அவற்றை எடுத்தாள்வதற்கு அரசாணை வேண்டியதில்லை. இக்கூட்டத்தில் இதழ்நடத்துவோர் சிலர் அமர்ந்திருக்கின்றனர். வரும் திங்கள் இதழிலிருந்தே தொடங்கலாம்.